வேலையை விடாமல் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ படிக்க முடியுமா?

சென்னையில் ஐடி வேலை, எட்டு வருட அனுபவம், வேலையை விடாமல் ஐஐஎம் மாதிரி இடத்தில் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

படிக்கலாம். ஆனால் அனுபவசாலிகளுக்கான படிப்பு எல்லாமே வேலையோடு படிக்கக்கூடியது அல்ல. அகமதாபாத் ஐஐஎம்மின் பிஜிபிஎக்ஸ், பெங்களூரு ஐஐஎம்மின் இபிஜிபி இரண்டும் ஓராண்டு முழுநேரப் படிப்புகள். வேலையை விட்டே ஆக வேண்டும். அதே பெங்களூரில் பிஜிபிஇஎம் வேலையில் இருப்பவர்களுக்கானது. உங்களுக்குப் பக்கத்திலேயே ஐஐடி மெட்ராஸின் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ இருக்கிறது. திருச்சி ஐஐஎம்மும் வேலை பார்ப்பவர்களுக்காகச் சென்னையில் வார இறுதிப் படிப்பு நடத்துகிறது.

விளம்பரங்களில் அடிக்கடி வரும் சில மாத ஆன்லைன் படிப்புகள் வேறு வகை. பெரிய கல்லூரியின் பெயர் இருந்தாலும் கிடைப்பது சான்றிதழ்தான், பட்டம் அல்ல. சேர்வதற்கு முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பாடம் அவ்வளவு கஷ்டமில்லை, நேரம்தான் கஷ்டம். வகுப்பு சனி, ஞாயிறு என்றாலும் கேஸ் (நிறுவனங்களில் நடந்ததை வைத்து எழுதிய பாடம்) வாசிப்பதும் குழு வேலையும் வாரநாள் இரவுகளில்தான் நடக்கும். உங்கள் புராஜெக்ட்டில் ரிலீஸ் எல்லாம் சனிக்கிழமை இரவில் என்றால், முதலில் மேனேஜரிடம் பேசுங்கள். (வீட்டில் பேசுவது அதற்கும் முன்னால்!)

கம்பெனி கட்டணம் கொடுத்தால் பாண்ட் (படித்த பிறகு அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம் என்று பாருங்கள். கடன் வாங்கினால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வட்டிக்கு மட்டும் வரிக் கழிவு உண்டு, அதிகபட்சம் 8 ஆண்டுகள். புதிய முறையில் அது இல்லை.