ஆய்வுக்கட்டுரை தேடும் ஏஐ முகவருக்குக் கருவியை எப்படி விவரிப்பது?

கேள்வி: எங்கள் ஆய்வுக் குழுவுக்காக ஆர்க்கைவ் (ஆய்வுக்கட்டுரைகளின் திறந்த இணையத் தொகுப்பு), பப்மெட் (மருத்துவ ஆய்வுகளைத் தேடும் தளம்) ஆகியவற்றில் கட்டுரை தேடித் தரும் ஏஐ முகவர் ஒன்றை அமைத்திருக்கிறேன். அது தானே அழைத்துப் பயன்படுத்த 'தேடு', 'எடு' என்று இரண்டு கருவிகள் (சிறு நிரல்கள்). நிரல் சரியாகவே ஓடுகிறது. ஆனால் முகவர் சில நேரம் கட்டுரை எண்ணைத் தானே ஊகித்து அனுப்புகிறது. ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முழுக் கட்டுரையையும் படித்ததுபோல் பதில் எழுதுகிறது. இன்னும் பெரிய மொழி மாதிரிக்கு மாற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பிய விவரிப்பைப் பாருங்கள்: "எடு: கட்டுரையைத் தரும். உள்ளீடு: அடையாளம்." மொழி மாதிரி உங்கள் நிரலைப் படிப்பதில்லை. கருவியின் பெயர், விவரிப்பு, உள்ளீடுகளின் பட்டியல், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். இன்று காலை நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவரிடம் இந்த ஒரு வரியை மட்டும் கொடுத்தால் அவரும் தடுமாறத்தான் செய்வார்.

'அடையாளம்' என்ற சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. ஆர்க்கைவில் 2007 மார்ச் வரை பாடப்பிரிவின் பெயர், ஒரு சாய்கோடு, ஏழு இலக்கங்கள் என்று எண் கொடுத்தார்கள். அந்த ஏப்ரலிலிருந்து ஆண்டும் மாதமும் நான்கு இலக்கத்தில், பிறகு புள்ளி, பிறகு வரிசை எண். 2015 முதல் வரிசை எண்ணுக்கு ஐந்து இலக்கம். டிஓஐ (கட்டுரைகளுக்குத் தரப்படும் நிலையான இணைய அடையாளம்) எப்போதும் '10.' என்று தொடங்கும். பப்மெட் எண்ணில் வெறும் இலக்கங்கள் மட்டுமே. முழுக் கட்டுரைகளை வைத்திருக்கும் பப்மெட் சென்ட்ரலின் எண்ணில் அதே போன்ற இலக்கங்களுக்கு முன்னால் பிஎம்சி என்ற எழுத்துகள் நிற்கும். அந்த எழுத்துகளை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பப்மெட்டுக்கு அனுப்பினால், பெரும்பாலும் பிழைச் செய்தி வராது. சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரை வந்து நிற்கும். முகவரும் அதை நம்பிப் பதில் எழுதிவிடும். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த வகைப் பிழைதான், ஏனென்றால் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

ஆகவே 'எடு' கருவியைப் பிரித்து, ஆர்க்கைவுக்கும் பப்மெட்டுக்கும் தனித்தனிக் கருவி வையுங்கள். முழுக் கட்டுரையைத் தர 'முழுக்கட்டுரை' என்று இன்னொரு கருவியும் வையுங்கள். ஆர்க்கைவ் கருவிக்கு நான் இப்படி எழுதுவேன்:

"ஒரே ஒரு ஆர்க்கைவ் கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர்கள், தேதி, ஆய்வுச் சுருக்கம் ஆகியவற்றைத் தரும். முழுக் கட்டுரை இதில் வராது. ஆய்வு முறை, அட்டவணை, அளவீடுகள் தேவைப்பட்டால் 'முழுக்கட்டுரை' கருவியை அழைக்கவும். உள்ளீடு: ஆர்க்கைவ் எண், எடுத்துக்காட்டாக 1706.03762. தலைப்பு, இணைய முகவரி, டிஓஐ ஆகியவற்றை ஏற்காது. எண் தெரியாதபோது ஊகிக்காமல் முதலில் 'தேடு' கருவியை அழைக்கவும். பதிப்பைக் குறிப்பிடாவிட்டால் கடைசிப் பதிப்பு வரும்."

உங்கள் இரண்டாவது புகாருக்கு இதன் இரண்டாவது வாக்கியமே மருந்து. கருவி எதைத் தராது என்று எழுத நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை. எடுத்துக்காட்டு எண்ணையும் விட்டுவிடாதீர்கள். வடிவத்தை விளக்கும் மூன்று வரிகளைவிட அந்த ஓர் எண் தெளிவாகச் சொல்லிவிடும். (அது 2017 ஜூனில் வந்த, டிரான்ஸ்ஃபார்மர் கட்டமைப்பை அறிமுகப்படுத்திய கட்டுரையின் எண்.)

'தேடு' கருவியில் ஒன்றும் கிடைக்காத நிலையையும் விளக்குங்கள். "முடிவு வரவில்லை என்றால் இந்தச் சொற்களுக்குப் பொருத்தம் இல்லை என்று மட்டுமே பொருள், சொற்களைக் குறைத்து மீண்டும் தேடவும்." இது இல்லாவிட்டால் 'இப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை' என்று முகவர் எழுதக்கூடும். மருந்தின் பக்கவிளைவு பற்றிய கேள்விக்கு அப்படி ஒரு பதில் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆர்க்கைவில் இருப்பவை சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவங்களாக இருக்கலாம் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் விவரிப்பில் திணிக்க வேண்டாம். ஆர்க்கைவின் ஏபிஐ (நிரல்கள் அந்தத் தளத்திடம் தரவு கேட்கும் வழி) ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் மூன்று விநாடி இடைவெளி கேட்கிறது. அதை நிரலே பார்த்துக்கொள்ளட்டும். எண்ணின் வடிவத்தையும் நிரல் சரிபார்த்து, தவறினால் "இது டிஓஐ போலத் தெரிகிறது, 'தேடு' கருவியில் கொடுக்கவும்" என்று அடுத்த படியைச் சொல்லட்டும். வெறும் 'பிழை' என்று திரும்பி வந்தால் முகவர் மீண்டும் ஊகிக்கத் தொடங்கும்.

திருத்தியபின், உங்கள் குழுவினர் உண்மையாகவே கேட்ட கேள்விகளில் இருபதை எடுத்து ஓட்டுங்கள். பதிலைப் பார்ப்பதற்கு முன், எந்தக் கருவிக்கு எந்த உள்ளீடு போனது என்ற பதிவைப் படியுங்கள். அதே கேள்விகளையும் விவரிப்புகளையும் அச்செடுத்து, நிரலைப் பார்க்காத சக ஊழியர் ஒருவரிடம் கொடுத்து, எதற்கு எந்தக் கருவி என்று குறிக்கச் சொல்லுங்கள். அவர் பேனாவை நிறுத்தி யோசிக்கும் இடங்களை முதலில் திருத்துங்கள்.