கேளுங்க சொல்றோம்: ஒரு தடவை கூட பறக்காத போர் விமானம்

கே: அமெரிக்க நேவியோட ஏ-12 அவெஞ்சர் விமானம் பறக்குற மாதிரி ஒரு வீடியோ கூட கிடைக்கலையே, ஏன்? (வாசகர், தூத்துக்குடி)

ப: பறந்தாதானே வீடியோ இருக்கும்! வியட்நாம் காலத்துலேர்ந்து ஓட்டிட்டு இருந்த ஏ-6 இன்ட்ரூடருக்கு வயசாகிடுச்சு, அதுக்கு பதிலா ரேடார்ல சிக்காம போய் குண்டு போட்டுட்டு விமானந்தாங்கி கப்பலுக்கே திரும்பி வர்ற மாதிரி ஒண்ணு வேணும்னு 1983ல ஆரம்பிச்ச திட்டம் இது. 1988 ஜனவரியில மெக்டோனல் டக்ளஸும் ஜெனரல் டைனமிக்ஸும் சேர்ந்து கான்ட்ராக்ட் எடுத்தாங்க. வாலே கிடையாது, மொத்த விமானமும் ஒரே முக்கோணம், குறுக்க 70 அடி, நீளம் 38 அடிகூட வராது. அங்க கிடைக்குற முக்கோண சிப்ஸ் பேரை வெச்சு 'பறக்கும் டொரிட்டோ'ன்னு கிண்டல் பண்ணாங்க, நம்ம ஊரா இருந்தா சமோசான்னு பேர் விழுந்திருக்கும். 1990 ஜூன்ல முதல் தடவை பறக்கும்னாங்க, பறக்கல. 1991 ஜனவரி 7ம் தேதி பாதுகாப்பு அமைச்சர் டிக் செனி திட்டத்தையே கேன்சல் பண்ணிட்டாரு. முழு சைஸ் மாடல் ஒண்ணு மட்டும் டெக்ஸாஸ்ல ஃபோர்ட் வொர்த்ல இருக்கு.

கே: அவ்வளவு பெரிய கம்பெனிங்க, எங்க சொதப்புச்சு? (வாசகி, கரூர்)

ப: முதல்ல வெயிட். உலோகத்துக்கு பதிலா காம்போசிட்ல, அதாவது இழையும் பிசினும் சேர்த்த கலவையில, பண்ணா லேசா இருக்கும்னு கணக்கு போட்டாங்க, ஆனா கப்பல் விமானம்னா கேடபுல்ட் வெச்சு சுண்டி விடுவாங்க, இறங்கும்போது கொக்கி கம்பியில மாட்டி வெடுக்குனு நிக்கணும், இந்த அடியை எல்லாம் தாங்கணும்னா பாகங்களை தடியா பண்ண வேண்டி வந்துச்சு, கடைசில கிட்டத்தட்ட 30 சதவீதம் வெயிட் எகிறிடுச்சு. தரையில ஓடுதளம் நீளமா இருக்கும், கப்பல்ல அந்த வசதி ஏது?

ரெண்டாவது ரேட். யாருமே இதுவரை செய்யாத ஒரு பொருளுக்கு, சுமார் 438 கோடி டாலர்னு முன்னாடியே ரேட் பேசி முடிச்சிட்டாங்க. போட்டியில இருந்த நார்த்ராப் கூட்டணி அப்படி ஒரு ரேட்ல கையெழுத்து போட முடியாதுன்னு விலகிடுச்சு, என்னைக் கேட்டா அந்த மொத்த கதையில உருப்படியா யோசிச்சது அவங்கதான்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப கடுப்பு. திட்டம் பரம ரகசியம், அதனால உள்ள நடக்குறத வெளியில யாரும் எட்டிப் பார்க்க வழியில்ல. செலவு எல்லை தாண்டப் போகுதுன்னு திட்ட அலுவலகத்துல கணக்கு பார்த்த அனலிஸ்ட்டே எச்சரிச்சும், மேல போனது என்னவோ நம்பிக்கையான கணக்குதான். 1990 ஏப்ரல் 26 அன்னைக்கு செனி பார்லிமென்ட்ல, அதாவது அங்க காங்கிரஸ்ல, எல்லாம் ஒழுங்கா போகுது, 858 விமானத்துக்கு பதிலா 620 போதும்னு சொல்லிட்டு வர்றாரு, ஜூன் மாசம் பிறந்ததும் கம்பெனிங்க வந்து 'ஒரு வருஷத்துக்கு மேல லேட்டாகும், பேசின ரேட்டுக்குள்ள முடியாது'ன்னு நிக்கிறாங்க. மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்! விசாரணை வெச்சாங்க, நேவி அதிகாரிங்க சிலருக்கு பதவி போச்சு.

கே: கேன்சல் பண்ணதோட முடிஞ்சுதா? (வாசகர், மதுரை)

ப: எங்க முடிஞ்சுது, கோர்ட்டுக்குப் போய் 23 வருஷம் இழுத்துச்சு. 'நீங்க சொன்னபடி செய்யல, 135 கோடி டாலரை திருப்பிக் குடுங்க'ன்னு அரசாங்கம் கேட்டுச்சு. கம்பெனிங்க சும்மா இருப்பாங்களா, 'பி-2, எஃப்-117ன்னு ரேடார்ல சிக்காத விமானங்களை ஏற்கனவே பண்ணி, இந்த ஸ்டெல்த் வித்தையில என்னென்ன சிக்கல் வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், அதை எங்ககிட்ட மறைச்சிட்டீங்க, அதான் லேட்டு, எங்களுக்குத்தான் நீங்க பாக்கி'ன்னு எதிர்வழக்காடினாங்க. சரி நிரூபிங்கன்னா, அரசாங்கம் 'அதெல்லாம் நாட்டு ரகசியம், கோர்ட்ல பேசக்கூடாது'ங்குது! ரகசியத்தை காட்டாம அது மறைக்கப்பட்டுச்சுன்னு எப்படி நிரூபிக்கிறது?

2011 மே மாசம் சுப்ரீம் கோர்ட்ல ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல, நீதிபதி ஸ்காலியா எழுதின தீர்ப்புல, இந்த ரகசிய வாதம் வரைக்கும் ரெண்டு பேருக்கும் கோர்ட் எதுவும் பண்ண முடியாது, வழக்கு போட்ட அன்னைக்கு அவங்கவங்க எங்க நின்னாங்களோ அங்கேயே நில்லுங்கன்னு சொல்லிட்டாங்க. மிச்ச வழக்கு கீழ்கோர்ட்டுக்குப் போச்சு. 2014 ஜனவரியில சமாதானம், மொத்தம் 40 கோடி டாலர், அதுவும் ரொக்கமா இல்ல. மெக்டோனல் டக்ளஸை 1997லயே வாங்கியிருந்த போயிங், எதிரி ரேடாரை குழப்புற க்ரௌலர் விமானம் மூணு குடுத்துச்சு, ஜெனரல் டைனமிக்ஸ் நேவிக்கு கட்டிட்டு இருந்த போர்க்கப்பல் பில்லுல கழிச்சுக்கிச்சு.

கே: அப்போ நேவி எதை வெச்சு சமாளிச்சுது? (அதே வாசகர்)

ப: ஏ-6ஐ 1997ல ரிட்டயர் பண்ணிட்டு, கையில இருந்த ஹார்னெட் போர் விமானத்தை பெருசாக்கி சூப்பர் ஹார்னெட்னு ஓட்டுனாங்க, நல்ல விமானம்தான், ஆனா ஸ்டெல்த் இல்ல. ரேடார்ல சிக்காத போர் விமானம் நேவி கைக்கு உருப்படியா வந்தது எஃப்-35சிதான், அது தயார்னு அறிவிச்சது 2019 பிப்ரவரியில.