ஃபுட்பால் டீம் ரெலகேட் ஆனா, அதாவது கீழ் டிவிஷனுக்கு இறங்கினா, கூட்டமும் டிக்கெட் விலையும் குறையுமா?

குறையும், ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு இல்ல. நான் பெங்களூர் கௌதமபுரம், அதான் தெரு முனையில பீலே சிலை இருக்குல்ல, அந்த ஏரியா, இங்க நம்ம பசங்க டீம் தோத்துட்டே இருந்தாலும் கிரவுண்ட் ஓரத்துல அதே அண்ணனுங்க தான் நிப்பாங்க, இங்கிலாந்துலயும் அதே கதை தான்.

சண்டர்லேண்ட் கிளப்ப பாருங்க, 2017, 2018னு வரிசையா ரெண்டு தடவ இறங்கி மூணாவது டிவிஷனுக்கே போயிட்டாங்க, ஆனா 2018 டிசம்பர் 26 அன்னைக்கு பிராட்ஃபோர்டுக்கு எதிரா 46,039 பேர் வந்தாங்க! எனக்கு இப்பவும் சிலிர்க்குது. அங்க அது குடும்பத்தோட வழிவழியா வர்ற பழக்கம். சின்ன கிளப்புக்கு அடி பலமா விழும், வெளியூர் ரசிகர்களும் பெரிய டீமைப் பாக்க வர்றவங்களும் வர்றத நிறுத்திடுவாங்க.

டிக்கெட்ட பொறுத்தவரை, சீசன் டிக்கெட்ட (சீசன் முழுக்க ஹோம் மேட்ச், அதாவது சொந்த கிரவுண்ட் மேட்ச் பாக்குற டிக்கெட்) பல கிளப் குறைப்பாங்க, இல்லன்னா அதே விலையில வெச்சிடுவாங்க. முதல் டிவிஷனான பிரீமியர் லீக்ல ஹோம் மேட்ச் 19, ரெண்டாவது டிவிஷனான சாம்பியன்ஷிப்ல 23, அதனால மொத்த விலை அப்படியே இருந்தாலும் ஒரு மேட்சுக்குக் கம்மியா தான் வரும். டீம் கூட வெளியூர் மேட்சுக்கு போற ரசிகன் தான் பாவம், பிரீமியர் லீக்ல அந்த டிக்கெட்டுக்கு இருக்கிற 30 பவுண்ட் உச்சவரம்பு கீழ் டிவிஷன்ல கிடையாது.