கொப்பு தாழக் காய்த்த கொய்யா

கேள்வி: நிலாவெளியில் எங்கள் வளவுக் கிணற்றடியில் நிற்கும் கொய்யா மரத்துக்கு ஆறு வயதாகிறது. மழை விட்டபின் தை மாதத்தில் பூத்து, இப்போது பங்குனியில் கொப்புகள் வளைந்து தொங்குமளவுக்குப் பிஞ்சு பிடித்திருக்கிறது. போன வருடமும் இப்படித்தான் காய்த்துக் கொட்டியது; ஆனால் ஒரு பழமாவது தேசிக்காயை விடப் பெரிதாக வரவில்லை. கனடாவில் இருக்கும் என் மகன், தன் வீட்டுப் பிளம்ஸ் மரத்தில் பாதிக்கு மேற்பட்ட பிஞ்சுகளைக் கிள்ளி எறிவதாகவும், நாங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறான். என் மாமியாரோ, "பிஞ்சில் கை வைத்தால் மரம் பிறகு காயாது" என்று தடுக்கிறார். நான் என்ன செய்வது?
— வாசகி, நிலாவெளி

பதில்: மகன் சொல்வதைச் செய்யுங்கள் அம்மா, ஆனால் இந்த மாதத்துக்குள் செய்யுங்கள். மாமியாரையும் மரத்தடிக்கு அழைத்துச் சென்று, அங்கே காய்ந்து விழுந்து கிடக்கும் சிறு பிஞ்சுகளைக் காட்டுங்கள். தன்னால் தாங்க முடியாது என்று கண்ட மரம் அவற்றைத் தானே உதிர்த்திருக்கிறது. குளிர்நாட்டுப் பிளம்ஸ் மரமும் ஜூன் மாதத்தை ஒட்டி ஒருமுறை இப்படி உதிர்க்கும். அதன்பின்னும் நெருக்கமாக நிற்பவற்றைத்தான், உள்ளே கொட்டை இறுகுவதற்கு முன், பிஞ்சுக்குப் பிஞ்சு 4 முதல் 6 அங்குலம் இடைவெளி இருக்கும்படி உங்கள் மகன் கழித்துவிடுகிறார். மரம் தொடங்கிய வேலையை மனிதர் முடித்து வைக்கிறார்கள்.

இலைகள் சமைக்கிற மாச்சத்தும் சர்க்கரையும் ஓர் அளவுக்குட்பட்டவை. அதை முந்நூறு பிஞ்சு பங்கிட்டால் முந்நூறும் சிறுத்துத்தான் போகும். அதைவிட முக்கியமானது காலம். பூ காயாக மாறும் முதற்சில வாரங்களில்தான் காயின் சதையிலுள்ள கலங்கள் பெருகிப் பிரிகின்றன. அதன்பின் காய் வளர்வது பெரும்பாலும் இருக்கிற கலங்கள் பருப்பதால்தான். ஆகவே பிஞ்சு போளை அளவில் இருக்கும்போது கழித்தால் மிஞ்சியவை நன்றாகப் பெருக்கும். தேசிக்காய் அளவைத் தாண்டியபின் கழித்தால் கொப்பின் பாரம் குறையுமே தவிரப் பழம் அவ்வளவாகப் பெருக்காது. மரம் பிறகு காயாது என்ற பயத்துக்கும் இடமில்லை. கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். தன் பலத்தையெல்லாம் காய்க்கே கொடுத்துவிட்ட மரம் தளிர்விடப் பிந்தும், அடுத்த காய்ப்பும் அதனோடு குறையும்.

இனிச் செய்முறை. விரல் தடிப்புள்ள ஒரு சிறு கொப்பை இடக்கையால் தாங்கிப் பிடித்துப் பாருங்கள். ஓர் இலைக்காம்பின் அடியில் இரண்டு மூன்று பிஞ்சுகள் ஒட்டி நிற்கும்; பெரும்பாலும் நடுவில் உள்ளதுதான் முதலில் பூத்ததும் பருத்ததுமாக இருக்கும். அதை விட்டுப் பக்கத்துப் பிஞ்சுகளைச் சிறு கத்தரிக்கோலால் காம்போடு நறுக்குங்கள். இழுத்துப் பறித்தால் பட்டை உரிந்து, விட்டுவைத்த பிஞ்சும் சேர்ந்து வந்துவிடும். கறுப்புப் புள்ளி விழுந்ததும், கோணியதும், ஒன்றோடொன்று உரசுவதும் முதலில் போகட்டும். பிறகு காய்க்குக் காய் ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அத்தகைய கொப்பில் இரண்டு, மிஞ்சினால் மூன்று காய்களே போதும். மெல்லிய நுனியில் தொங்குவதைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. பத்து நாள் கழித்து மறுபடி பார்த்தால் முதல்நாள் இலைக்குள் மறைந்திருந்தவை தெரியும்.

எனக்கும் ஒருமுறை மனம் வரவில்லை. உவர்மலையில் என் வீட்டுக் கொய்யாவில் ஒரு பிஞ்சைக்கூடத் தொடாமல் விட்ட ஆண்டு, காய் முற்றும் நேரத்தில் கச்சான் வீசத் தொடங்கியது. ஒரு நாள் பின்னேரம் மிகப் பெரிய கொப்பு, அடிமரத்துப் பட்டையையும் ஒரு முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு கீழே வந்தது. அந்த வடு இன்றும் மாறவில்லை. தை மாதத்தில் பூத்த உங்கள் மரமும் கச்சான் காலத்தில்தான் பழுக்கப் போகிறது. எனவே கழித்த பிறகும் தாழ்ந்து நிற்கும் கொப்புகளுக்குக் கவர் உள்ள தடியால் முட்டுக்கொடுங்கள். கவருக்கும் கொப்புக்கும் இடையில் பழைய சாக்குத் துண்டு ஒன்றை வைத்தால் பட்டை தேயாது.

மிஞ்சிய காய்கள் தேசிக்காய் அளவு வந்ததும் ஒவ்வொன்றையும் கடதாசிப் பையால் மூடிக் கட்டினால் பழ ஈ முட்டையிட முடியாது. முந்நூறு காய்க்குப் பை கட்ட யாராலும் இயலாது. எண்பது காய்க்கு இரண்டு காலைப் பொழுது போதும். புழு விழுந்த பழங்களைக் குப்பைக் குழியில் மேலாகப் போடாமல் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். உங்கள் பகுதி மணல் நிலம் என்பதால், அடிமரத்தில் முட்டாதபடி சுற்றிவரத் தேங்காய் மட்டையைப் பரப்பி, ஈரம் முழுதாகக் காய விடாமல் தண்ணீர் விடுங்கள். நீண்ட நாள் காயவிட்டுத் திடீரென்று நிறைய நீர் பாய்ச்சினால் பழம் வெடிக்கும்.

கேள்வி: மாமரத்திலும் இப்படிப் பிஞ்சு கழிக்க வேண்டுமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: வளர்ந்த மாமரத்தில் தேவையில்லை; அது தன் பிஞ்சில் பெரும்பகுதியைத் தானே உதிர்த்துவிடும். ஒட்டுமாங்கன்று என்றால் கதை வேறு. நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பூங்கொத்தையே கிள்ளிவிடுங்கள், கன்று உடம்பு பிடிக்கட்டும். முதல் காய்ப்புக்கு விடும் ஆண்டிலும் ஒரு கொத்துக்கு ஒரு காய்க்கு மேல் வைக்காதீர்கள்.