ஜியோகேச்சிங் போகும்போது எந்த மாதிரிப் பை நல்லது? பொருட்களை எப்படி அடுக்குவது?

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரில் இருக்கிறார். பத்து வயது மகனோடு இரண்டு மாதமாகக் கேச் தேடிக்கொண்டிருக்கிறார். ஒருவர் ஒளித்துவைத்து, இடத்தின் ஆயத்தொலைவுகளை இணையத்தில் போட்ட டப்பாதான் கேச்; அதை ஜிபிஎஸ் துணையோடு தேடிப்பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போடுவதுதான் விளையாட்டு. எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டுக்கொண்டு போவதால், டப்பா கிடைத்த பிறகு பேனா தேடுவது பெரிய வேலையாகிவிடுகிறதாம். நல்ல முதுகுப்பை ஒன்று வாங்கினால் சரியாகிவிடுமா, ஜிபிஎஸ் கருவி தனியாக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

நானும் சிங்கப்பூர்தான். மனைவி, மகளோடு ஏழு வருடமாகத் தேடி வருகிறேன். என் பதில்: பையை இப்போது வாங்காதீர்கள். முதலில் மூன்று சின்ன ஜிப் பவுச் வாங்குங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில். பை கடைசியில்.

நான் தலைகீழாகச் செய்தேன். முதலில் முப்பது லிட்டர் மலையேற்றப் பை ஒன்றை வாங்கினேன். அதில் இடம் இருந்ததால் நிரப்பினேன். கயிறு, பெரிய டார்ச், மாற்றுச் சட்டை, நான்கு விதமான ஒட்டு நாடா. அதைச் சுமந்துகொண்டு ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து தேடினேன். பேனாவுக்காகப் பாதிப் பையைத் தரையில் பரப்ப வேண்டியிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, ஏதாவது தொலைந்துவிட்டதா, உதவட்டுமா என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் இந்த விளையாட்டில் டப்பா இருக்கும் இடம் வேறு யாருக்கும் தெரியக்கூடாது. விளையாட்டு தெரியாதவர்களை நாங்கள் மகிள் என்போம். மகிள் கண்ணில் பட்டால் டப்பா காணாமல் போகலாம், அடுத்து வருபவர் வெறுங்கையோடு திரும்புவார். பெரிய பை கண்ணை இழுக்கும், தரையில் பரப்பிய பை இன்னும் அதிகமாக இழுக்கும். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு அருகில் பையை ஓரமாக வைத்துவிட்டுப் பத்தடி தள்ளித் தேடுவது இந்த ஊரில் கூடவே கூடாது. ஆளில்லாத பை அங்கே பாதுகாப்பு விஷயம்.

அன்றைக்குப் பிறகு ஒரு கேச்சுக்கு எந்த நேரத்தில் எது கையில் வேண்டியிருக்கிறது என்று கவனித்தேன். நடக்கும்போது கைப்பேசி மட்டும். இடத்தை அடைந்ததும் டார்ச், கண்ணாடி, கையுறை. டப்பா கிடைத்ததும் எழுத ஒன்று, தாளைச் சுருட்ட ஒன்று. பெரிய டப்பாவாக இருந்தால் மாற்றி வைக்க ஒரு பொருள். மூன்று பவுச் என்று சொன்னது இதனால்தான்: தேட ஒன்று, எழுத ஒன்று, மாற்ற ஒன்று. பெரிய பைக்கு மாறினாலும் சின்னப் பைக்கு மாறினாலும் இந்த மூன்றும் அப்படியே இடம் மாறும். ஏதாவது வீட்டில் மறந்துபோவதும் நின்றுவிட்டது.

எழுதும் பவுச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டில் கையெழுத்துப் போட்டால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு. இந்த ஊர் ஈரத்தில் பாதி டப்பாக்களின் தாள் நமுத்துப்போய் இருக்கும். அதில் பால்பாயின்ட் வழுக்கும், ஜெல் மை பரவும். பென்சில் எழுதும். அதுவும் 2பி மாதிரி மென்மையானது, விரல் நீளத்துக்கு வெட்டியது, மூடியோடு. இரண்டு பென்சில், ஒரு பால்பாயின்ட் போதும். ஃபிஷர் ஸ்பேஸ் பென் என்று ஒன்று உண்டு, உள்ளே மை அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருப்பதால் ஈரத் தாளிலும் எழுதும். பரிசாகக் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், இதற்கென்று காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

அப்புறம் நானோ டப்பா. சுண்டுவிரல் நகம் அளவு, உள்ளே நூல் மாதிரிச் சுருட்டிய தாள். எடுப்பது சுலபம், திரும்பச் சுருட்டி உள்ளே வைப்பதில்தான் பொறுமை போகும். முனை மழுங்கிய இடுக்கி ஒன்று கட்டாயம் வேண்டும். கூர்மையானது ஈரத் தாளைக் கிழித்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியின் பஞ்சை வெட்டிவிட்டு, நுனியில் பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறல் போடுங்கள். தாளின் ஓரத்தை அந்தக் கீறலில் செருகிச் சுற்றினால் இறுக்கமாகச் சுருண்டுவிடும், அப்புறம் குச்சியை உருவிவிடலாம். நான் வைத்திருக்கும் கருவிகளில் அதிகம் உழைத்தது இதுதான், செலவு ஒன்றுமில்லை.

இதே பவுச்சில் ஒரு சின்னத் துணி, நான்கைந்து ஜிப் உறை, வெட்டி வைத்த வெற்றுத்தாள். நனைந்த டப்பாவைத் துடைத்து, தாளைப் புது உறையில் போட்டு, மூடியின் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். தாள் நிரம்பியிருந்தால் ஒரு துண்டு சேர்க்கலாம், பழையதை எடுக்க வேண்டாம். ஆனால் டப்பாவே இல்லை என்றால் நீங்களாக ஒரு புது டப்பாவை வைத்துவிட்டு வராதீர்கள். அது வைத்தவருடைய வேலை. கிடைக்கவில்லை என்று விளையாட்டின் இணையதளத்தில் பதிவிடுங்கள், அந்தத் தகவல்தான் அவருக்கு வேண்டும்.

தேடும் பவுச்சில் சின்ன டார்ச், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற நீண்ட பிடிக் கண்ணாடி, இழுத்தால் நீளும் காந்தக் குச்சி, ஒரு ஜோடித் தோட்டக் கையுறை. இங்கே மைக்ரோ எனப்படும் சின்ன டப்பாக்களில் பல காந்தத்தால் ஒட்டியிருப்பவை என்பதால் காந்தக் குச்சிக்கு வேலை உண்டு. கண்ணாடியும் டார்ச்சும் இருப்பது கையை உள்ளே விடாமல் இருக்கத்தான். மகனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்: கண் பார்க்காத பொந்தில் கை போகக்கூடாது. பூரான் இருக்கும், சில இடத்தில் பாம்பும் இருக்கும். மரத்தில் இலைகளைப் பின்னிக் கட்டிய கூடு தெரிந்தால் அது முசுறு எறும்பு, மலாயில் கெரெங்கா என்பார்கள். அந்தக் கிளையைத் தொடவே வேண்டாம்.

திருப்புளி, குறடு, கத்தி எடுத்துப் போக வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். கழற்றியோ உடைத்தோதான் எடுக்க முடியும் என்றால் அங்கே கேச் இல்லை என்று அர்த்தம். விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் திருப்புளியோடு நிற்பவரைப் பார்த்து யாராவது போலீசைக் கூப்பிட்டால் அவர் மேல் தப்பில்லை.

மூன்றாவது பவுச் மகனுடையது. அதை அவனே நிரப்பட்டும், அவனே சுமக்கட்டும். இந்தப் பரிமாற்றம்தான் விளையாட்டின் ஆரம்பம். ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே தொடக்கத்தில் நீக்கியது. ஓரிரு நாளிலேயே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியைப் புதைத்து வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் போட்டார். உள்ளே புத்தகம், கவண், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் இருந்தன. கொஞ்சம் எடு, கொஞ்சம் வை என்பது அவர் சொன்னதுதான். எடுத்ததற்குச் சமமான அல்லது கூடுதல் மதிப்புள்ள ஒன்றை வைப்பது இன்றைக்கும் வழக்கம். ஆனால் பீன்ஸ் டின் இன்றைக்கு ஆகாது. சாப்பிடும் பொருள் எதையும் வைக்கக்கூடாது, வாசனைக்கு விலங்குகள் டப்பாவையே கடித்துப் பிரித்துவிடும். வாசனை ரப்பர், வாசனைச் சோப்பு கூட வேண்டாம். என் மகள் கோலிக்குண்டு, வெளிநாட்டு நாணயம், தானே கோர்த்த பாசிமணி வைப்பாள். கோலிக்குண்டு நனைந்தாலும் கெடாது, எனக்குப் பிடித்தது அதுதான்.

இதில் ஒரு எச்சரிக்கை. டப்பாவுக்குள் எண் பொறித்த உலோகத் தகடோ நாணயமோ இருந்தால் அது பரிசுப் பொருள் இல்லை, பயணி. டிராவல் பக், ஜியோகாயின் என்று சொல்வார்கள். எடுத்ததும் தளத்தில் எண்ணைப் பதிந்து, வேறொரு கேச்சில் கொண்டுபோய் விட வேண்டும். நான் ஒன்றை எடுத்து மற்றச் சாமான்களோடு போட்டுவிட்டேன். எட்டு மாதம் அது பவுச்சின் அடியில் கிடந்தது. அதன் சொந்தக்காரர் ஜெர்மனியில் ஒரு பள்ளிப் பெண், தன் நாணயம் எங்கே என்று மிகவும் பணிவாகக் கேட்டு எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் இன்றும் மனதில் உறுத்துகிறது. இப்போது பயணிகளுக்குத் தனி உறை, அதன் மேல் எடுத்த தேதி, ஒரு மாதத்துக்குள் விட்டாக வேண்டும்.

சரி, இப்போது பை. என்னிடம் இரண்டு இருக்கின்றன. வீடமைப்புப் பேட்டை, கடற்கரைப் பூங்கா மாதிரி இடங்களுக்கு மூன்று லிட்டர் குறுக்குப்பை. கடையில் மாட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே குனிந்து தரையைத் தொடுங்கள். பை ஊசலாடி முன்னால் வந்து முகத்தில் இடித்தால் அது வேண்டாம். வாரைக் குறுக்கி மார்போடு ஒட்டி நிற்க வைக்க முடிய வேண்டும். ஜிப் மூன்று பக்கமும் போய், பை புத்தகம் மாதிரித் திறந்தால் உத்தமம். உள்துணி வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்புத் துணிக்குள் கறுப்பு நானோ மூடி விழுந்தால் திரும்பக் கிடைப்பது சிரமம். வெளிப்பக்கம் சாம்பல், கரும்பச்சை போன்ற அடக்கமான நிறம்.

பழைய ரயில் பாதையான ரயில் காரிடாரில் ஒரு நீளமான பகுதி, சதர்ன் ரிட்ஜஸ் குன்றுகள், பூலாவ் உபின் தீவு என்று அரை நாள் போவதென்றால் பதினெட்டு லிட்டர் முதுகுப்பை. மார்பு வார் கட்டாயம் இருக்க வேண்டும், குனியும்போது பை தலைக்கு மேல் சரியாமல் அதுதான் பிடிக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, பிளாஸ்திரி, மழை அங்கி, பவர் பேங்க், மூன்று பவுச், கொஞ்சம் தீனி. இதற்கு மேல் எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. மழைக்கு வெளியுறை நம்பகமில்லை, முள்ளில் மாட்டும், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே ஒரு நீர்புகாப் பையை வைத்து, நனையக்கூடாததை அதில் போட்டுச் சுருட்டி மூடுங்கள். டெக்கத்லான் மாதிரிக் கடைகளில் குறைந்த விலையிலேயே கிடைக்கும்.

பைக்கு வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள், குறிப்பாகப் பிளாஸ்டிக் பை. மெக்ரிட்ச்சி, புக்கிட் தீமா காட்டுப் பக்கம் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று பழகிவிட்டது. ஒருமுறை மெக்ரிட்ச்சி பக்கம் நடக்கும்போது, பக்கவாட்டில் தொங்கிய எங்கள் பிளாஸ்டிக் பையை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு மரமேறிவிட்டது. உள்ளே சாப்பாடு எதுவும் இல்லை, உறைகளும் மகளின் பாசிமணிகளும்தான். அது கிழித்துப் போட்டதெல்லாம் பாதையை விட்டு உள்ளே காட்டுக்குள் விழுந்தது. அங்கே பாதையை விட்டு இறங்கக்கூடாது என்பதால் எடுக்கவும் முடியவில்லை. பாசிமணி போனதற்காக மகள் அழவில்லை, குப்பை காட்டில் கிடக்கிறதே என்று அழுதாள். அதிலிருந்து எல்லாம் ஜிப்புக்குள்தான். மடித்து வைத்த குப்பைப் பை ஒன்றும் எப்போதும் உள்ளே இருக்கும், திரும்பும் வழியில் கண்ணில் படும் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வருவோம். ஜியோகேச்சர்கள் 2002லிருந்தே இதைத் தங்கள் வழக்கமாக வைத்திருக்கிறார்கள்.

ஜிபிஎஸ் கருவி இப்போது வேண்டாம். திறந்த வானத்தின் கீழ் நல்ல கைப்பேசி ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும். உயரமான புளோக்குகளுக்கு நடுவிலும் அடர்ந்த மரத்தடியிலும் அது தடுமாறுவது உண்மைதான், ஆனால் தனிக் கருவிக்கும் அதே தடுமாற்றம் உண்டு. அந்த இடங்களில் கைப்பேசியை உள்ளே போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். அந்தக் காசில் பத்தாயிரம் எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றும், ஒரு சாண் நீளக் கேபிளும் வாங்குங்கள். நீளக் கேபிள் பைக்குள் எல்லாவற்றையும் சுற்றிக்கொள்ளும். உபினுக்குப் போவதென்றால் கேச் விவரங்களை முன்பே கைப்பேசியில் இறக்கி வையுங்கள், ரோமிங்கை அணைத்துவிடுங்கள். அங்கே கைப்பேசி அடிக்கடி மலேசிய வலைப்பின்னலைப் பிடித்துக்கொள்கிறது.

இன்னும் மூன்று முறை இதே துணிப்பையோடு போய் வாருங்கள், உள்ளே மூன்று பவுச் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, ஈரத்தை உலர்த்தி, தொடவே தொடாத பொருளை ஓரமாக எடுத்து வையுங்கள். மூன்றாவது முறை மேசையில் மிஞ்சுவதை ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். எந்தப் பையில் அது அடங்கி, ஒரு குடைக்கும் இடம் இருக்கிறதோ அதை வாங்குங்கள். மகனையும் கூட்டிப்போய்க் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், அவனுக்கும் ஒரு குறுக்குப்பை வேண்டியிருக்கும்.