"உள்ளகப் பாவனைக்கு மட்டும்" என்று சீல் அடித்த பட்டியலைக் கேட்கலாமா?

கேள்வி: வெள்ள நட்டஈட்டுப் பட்டியலில் எங்கள் வீடு விடுபட்டுப்போனது. பட்டியலைக் கேட்டால் "உள்ளகப் பாவனைக்கு மட்டும்" என்ற சீலைக் காட்டுகிறார்கள். வெளியே ஒருவர் 3,000 ரூபாய்க்குப் பிரதி எடுத்துத் தருவாராம். வாங்கலாமா?
– வாசகி, படுவான்கரை

பதில்: வாங்காதீர்கள். சீலுக்கும் பயப்படாதீர்கள்.

கோப்பு கண்டபடி வெளியே போகாமலிருக்க அலுவலகத்தார் போட்டுக்கொள்ளும் சீல் அது. அதனால் மட்டும் பட்டியல் இரகசியமாகிவிடாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, மறுப்பதென்றால் 5ஆம் பிரிவில் உள்ள காரணம் ஒன்றைக் காட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் குறுக்கே வரக்கூடியது ஒன்றுதான்: பிறருடைய தனிப்பட்ட விவரம்.

இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். அயல்வீட்டாரின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் உங்களுக்குத் தேவையில்லை, தரவும் மாட்டார்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வேறு. அது அரச பணம், பொதுநலன் இருக்கிறது என்று வாதிடலாம். கொடுக்கக்கூடாததை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கச் சொல்கிறது 6ஆம் பிரிவு. ஒரு கறுப்புப் பேனையால் முடிகிற வேலைக்கு முழுக் கோப்பையும் அலுமாரியில் பூட்டுகிறார்கள்! உங்கள் வீட்டை மதிப்பிட்ட தாளையும் சேர்த்துக் கேளுங்கள். அதில் மறைக்க வேறு யாருடைய அந்தரங்கமும் இல்லை.

அந்த 3,000 ரூபாய்க்காரர் தரும் பிரதியில் எதுவும் மறைத்திருக்காது. ஊராரின் கணக்கு இலக்கங்கள் அவர் கையில் கிடக்கின்றன என்றுதானே அர்த்தம்? நாளைக்கு உங்களுடையதும் கிடக்கும். அந்தத் தாளை மேன்முறையீட்டில் காட்டினால், எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் ஆளே இருக்க மாட்டார். படிவம் நிரப்பக் காசு கேட்பவர்களிடமும் போகாதீர்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, காரணம் சொல்லவும் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலே, தகவல் கொடுக்கவென்று அந்த அலுவலகத்தில் நியமித்திருக்கும் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தை அவரிடம் கொடுத்ததும் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். மறுத்தால் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் 14 நாட்களுக்குள், மேன்முறையீட்டைப் பார்க்கவென்று நியமிக்கப்பட்ட "குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு" மேன்முறையீடு செய்யலாம். அவர் 3 கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். ஒரு நட்டஈட்டுப் பட்டியலுக்காக கொழும்பு வரை எழுத வைப்பது வெட்கக்கேடுதான். நல்லவேளை, நேரில் போகத் தேவையில்லை, பதிவுத் தபாலில் அனுப்பலாம்.