ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்தும் ‘விசிபிலிட்டி இல்லை’ என்கிறார்கள்!

கேள்வி: பி.இ. முடித்துவிட்டு 14 மாதங்களாகச் சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஜாவா டெவலப்பராக இருக்கிறேன். கிளையன்ட் நியூயார்க்கில். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி ஒன்பது ஆகிவிடுகிறது. ஆனாலும் அப்ரைசலில் ‘விசிபிலிட்டி இல்லை, ஓனர்ஷிப் போதாது’ என்று எழுதிவிட்டார்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் சீனியரிடம் கேட்கத் தயக்கம். கேட்டாலும், “இதைக்கூடப் பாக்கலையா?” என்கிறார். என் புல் ரிக்வெஸ்ட் (கோட் மாற்றத்தைச் சரிபார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) மூன்று, நான்கு நாள் யாரும் தொடாமல் கிடக்கிறது. போன மாதம் டெஸ்ட் டேட்டாபேஸ் என்று நினைத்து வேறொன்றில் அப்டேட் கொடுத்துவிட்டேன். அது ஸ்டேஜிங் (வெளியீட்டுக்கு முந்தைய ஒத்திகைச் சூழல்) என்பதால் தப்பித்தேன். டெஸ்டிங்குக்கு மாறிவிடலாமா, கம்பெனியையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கடிதத்தைப் படித்தால் நீங்கள் வேலை தெரியாதவர் என்று தோன்றவில்லை. செய்கிற வேலை அத்தனையும் உங்கள் தலைக்குள்ளேயே நடக்கிறது, எழுத்தாக வெளியே வருவது கொஞ்சம்தான். எதையெல்லாம் முயன்று பார்த்தீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்பது பக்கத்து சீட்டுக்காரருக்கே தெரியாதபோது மேனேஜருக்கு எப்படித் தெரியும்? விசிபிலிட்டி என்றதும் மேனேஜர் கண்ணில் அடிக்கடி படுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நள்ளிரவில் மெயில் தட்டிவிடுகிறவர்களும் உண்டு. அந்த வித்தை உங்களுக்கு வேண்டாம்.

மாட்டிக்கொள்ளும் இடத்திலிருந்தே தொடங்குவோம், உங்கள் நேரம் அங்கேதான் கரைகிறது. எரர் வந்ததும் மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் நீங்களே முட்டிப் பார்க்கலாம். அதற்குள் புதிதாக ஒரு துப்பும் கிடைக்கவில்லையென்றால் கேட்டுவிட வேண்டும். ஐந்தாவது நிமிடமே ஓடிப்போனால் சீனியர் எரிச்சல்படுவது நியாயம். சாயங்காலம் வரை மூடி வைத்திருந்தால் உங்கள் ஒரு நாள் போச்சு.

அந்த அரை மணி நேரத்தில் ஸ்டாக் டிரேஸை, அதாவது எரரோடு வரும் நீண்ட வரிப் பட்டியலை, முழுதாகப் படியுங்கள். மேலே இருக்கும் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) பெரும்பாலும் ஃப்ரேம்வொர்க் சுற்றிக் கொடுத்தது. மூல காரணம் கீழே, கடைசியாக வரும் ‘காஸ்ட் பை’ (Caused by) வரியில் இருக்கும். அந்த வரிக்குக் கீழே உங்கள் ப்ராஜெக்ட்டின் பேக்கேஜ் பெயர் முதலில் எங்கே வருகிறதோ, அங்கே பிரேக்பாயின்ட் (ஓட்டத்தை நிறுத்திப் பார்க்கும் இடம்) வையுங்கள். அடுத்து லாக், அதாவது புரோகிராம் நடந்ததை நேரத்தோடு பதிந்து வைக்கும் ஃபைல். சர்வர்கள் பெரும்பாலும் யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) கணக்கில் ஓடும், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். காலை 10 மணிக்கு உடைந்ததை லாக்கில் 04:30-க்குத் தேட வேண்டும். நியூயார்க்காரர் டிக்கெட்டில் (பிழைப் புகார் பதிவில்) ‘மாலை 4 மணி’ என்று எழுதியிருந்தால் அங்கே கோடையில் அது யூ.டி.சி. 20:00, குளிர்காலத்தில் 21:00. தவறான மணி நேரத்தில் லாக்கைத் தேடிவிட்டு ‘எரரே இல்லை’ என்று டிக்கெட்டை மூடுவது சாதாரணமாக நடக்கிற கூத்து.

‘போன வாரம் வரை ஓடியது’ என்ற வகை பிழையென்றால் கோட் முழுவதையும் வரி வரியாக வெறித்துப் பார்க்க வேண்டாம். கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறது. சரியாக ஓடிய ஒரு கமிட்டையும் (பதிந்து வைத்த மாற்றம்) உடைந்த ஒன்றையும் காட்டினால், இடையில் இருப்பதைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமார் பத்து முறை ஓட்டிப் பார்த்தால் குற்றவாளி சிக்கிவிடும். ஒவ்வொரு கமிட்டும் தனியாக பில்ட் ஆகிற நிலையில் இருந்தால்தான் இது சிரமமில்லாமல் வேலை செய்யும். ‘சேஞ்சஸ்’, ‘ஃபிக்ஸ் 2’, ‘ஃபைனல் ஃபைனல்’ என்று போட்டுக்கொண்டு போனால் அடுத்த வருடம் மாட்டப்போவது நீங்கள்தான். கமிட் செய்தியில் டிக்கெட் எண்ணும், ஏன் மாற்றினீர்கள் என்ற ஒரு வரியும் இருக்கட்டும். என்ன மாறியது என்பதை டிஃப் (பழைய, புதிய கோடின் வித்தியாசம்) காட்டிவிடும்.

இனி, கேட்பது எப்படி. உங்கள் சீனியரின் “இதைக்கூடப் பாக்கலையா?” கொஞ்சம் கடுமைதான். ஆனால், என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று சொல்லாமல் கேட்டால் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். இப்படி எழுதிப் பாருங்கள்:

“ரீஃபண்ட் டெஸ்ட் எழுதுகிறேன். லோக்கலில் பாஸ், பில்ட் சர்வரில் மட்டும் டேட்டாபேஸ் கனெக்ஷன் டைம்-அவுட். முழு எரர் கீழே. போர்ட்டும் யூசர் பெயரும் சரிபார்த்தேன். என் மாற்றம் இல்லாத மெயின் பிராஞ்சிலும் இதே எரர். பில்ட் சர்வருக்கு நெட்வொர்க் அனுமதி இல்லையோ என்று சந்தேகம். அதை யார் பார்க்கிறார்கள்? மாலைக்குள் தெரிந்தால் நாளைக்கு முடித்துவிடுவேன்.”

செய்ய நினைத்தது, நடந்தது, முயன்றது, உங்கள் ஊகம், வேண்டியது, எப்போதைக்குள் வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதி நேரம் விடை புலப்பட்டுவிடும். மெயின் பிராஞ்சில் ஓட்டிப் பார்க்கவில்லையே என்பது எழுதும்போதுதான் உறைக்கும். எரரை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடாதீர்கள், யாராலும் தேடவோ காப்பி செய்யவோ முடியாது. ‘ஹாய் அண்ணா’ என்று மட்டும் தட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள், அவர் ‘சொல்லும்மா’ என்பதற்குள் லஞ்ச் வந்துவிடும். தனிச் செய்தியில் கேட்பதைவிட டீம் சேனலில் கேளுங்கள். வேறு யாராவது பதில் சொல்லக்கூடும், அடுத்து சேருகிறவர் அங்கேயே தேடி எடுத்துக்கொள்வார். தீர்வு கிடைத்ததும் அதே திரெட்டில் இரண்டு வரி எழுதி முடியுங்கள். அப்ரைசலில் ஓனர்ஷிப் என்கிறார்களே, அதில் பெரும்பகுதி இப்படி ஒன்றைக் கடைசி வரை கொண்டுபோய் முடித்து வைப்பதுதான்.

எரரை ஒட்டும் முன் பாஸ்வேர்ட், டோக்கன், வாடிக்கையாளர் விவரம் எதுவும் உள்ளே இல்லை என்று பாருங்கள். தவறிப் போய்விட்டால் மெசேஜை அழித்தால் மட்டும் போதாது, அந்தப் பாஸ்வேர்டையே மாற்றச் சொல்லுங்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கும் கேள்வி கேட்கும் விதத்துக்கும் தொடர்பு இருக்கிறது. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6:30. நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 7:30. ஏழு மணிக்குக் கிளையன்ட்டுக்கு அரைகுறையாக ஒரு கேள்வி அனுப்புகிறீர்கள். அவர் பத்தரைக்கு ‘எந்த என்விரான்மென்ட்?’ என்று திருப்பிக் கேட்கிறார். அதை மறுநாள் காலை நீங்கள் பார்த்துப் பதில் போட்டால் அவர் பார்ப்பது மறுநாள் மாலை. ஒரு வார்த்தை விட்டுப்போனதற்கு ஒரு முழு நாள் விலை. அதனால்தான் பதிலுக்காக ராத்திரி வரை உட்கார நேர்கிறது. கிளையன்ட்டுக்கான கேள்விகளை மாலை ஆறுக்குள் முழுதாக எழுதி வைத்து, ‘பதில் வரும்வரை இந்த முறையில் தொடர்கிறேன், மாற்ற வேண்டுமானால் அரை நாள் வேலைதான்’ என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பிவிட்டு எழுந்து போங்கள். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை அந்தப் பக்கம் ஊரே தூங்குகிறது. அன்றைய கஷ்டமான வேலையை அந்த மூன்று மணி நேரத்தில் வையுங்கள். பெரும்பாலானவர்கள் அதை மெயில் படித்தே தீர்க்கிறார்கள்.

புல் ரிக்வெஸ்ட் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் அளவுதான். எத்தனை வரி என்று நீங்கள் எழுதவில்லை, ஐநூறைத் தாண்டும் என்று நினைக்கிறேன். கூகுள் வெளியிட்டுள்ள கோட் ரிவ்யூ வழிகாட்டியில், சுமார் 100 வரி மாற்றம் நியாயமான அளவு, 1,000 வரி பொதுவாக மிகப் பெரியது என்று இருக்கிறது. பதில் சொல்ல அதிகபட்சம் ஒரு வேலை நாள் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. ஆனால் 800 வரியைத் தள்ளிவிட்டு அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது. பெயர் மாற்றம், ஃபார்மேட்டிங் போன்றவற்றைத் தனி ரிக்வெஸ்ட்டாகப் பிரித்துவிடுங்கள். ஐ.டி.ஈ. (கோட் எழுதும் மென்பொருள்) தானாகச் செய்த இம்போர்ட் வரிசை மாற்றத்தால் நாற்பது ஃபைல் டிஃப்பில் வந்தால், லாஜிக் மாறிய மூன்று வரியை யார் கண்டுபிடிப்பார்? பெரிய ஃபீச்சரென்றால் டேபிள் மாற்றம் ஒன்று, சர்வீஸ் ஒன்று, ஏ.பி.ஐ. ஒன்று என்று அடுக்குங்கள். ரிவ்யூவுக்கு அனுப்பும் முன் வெப் பக்கத்தில் டிஃப்பைத் திறந்து நீங்களே ஒரு தடவை வாசியுங்கள். விட்டுப்போன பிரின்ட் வரிகள் அங்கேதான் கண்ணில் படும். விளக்கத்தில் ஏன் இந்த மாற்றம், எப்படிச் சோதித்தீர்கள், எந்த ஃபைலை முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்று நாலு வரி போதும். ரிவ்யூவர் இடத்தில் டீம் முழுவதையும் போடாதீர்கள். ஆறு பேரைப் போட்டால் ஆறு பேரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவார்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கமென்ட் வந்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும், ஏற்கவில்லையென்றால் காரணத்தோடு.

டேட்டாபேஸ் விஷயத்தில் தப்பித்தேன் என்று விட்டுவிடாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற கோட் சேமிப்புச் சேவை நிறுவனத்தில், ராத்திரி நேரத்தில் ஒரு இன்ஜினியர் இரண்டாம் நிலை டேட்டாபேஸ் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி. பேக்கப் எடுக்கும் புரோகிராமின் வெர்ஷன் பொருந்தாமல் பேக்கப் பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மெயில்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) மூலம்தான் மீண்டார்கள். இடையிலான ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். நடந்ததை அவர்களே விலாவாரியாக வெளியிட்டார்கள்.

எனவே டெர்மினல், டேட்டாபேஸ் கருவி இரண்டிலும் புரொடக்ஷனுக்கு (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜச் சூழல்) சிவப்பு, ஸ்டேஜிங்குக்கு மஞ்சள் என்று நிறம் வையுங்கள், பத்து நிமிட வேலை. அப்டேட்டுக்கு முன் அதே ‘வேர்’ (WHERE) நிபந்தனையோடு, எத்தனை வரி சிக்கும் என்று எண்ணிச் சொல்லும் ஒரு செலக்ட் கவுன்ட் ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரான்சாக்ஷன் திறந்து அப்டேட் கொடுத்தபின் மாறிய வரிகளின் எண்ணிக்கை அதோடு பொருந்தினால் கமிட் (மாற்றத்தை உறுதிசெய்வது), ஒன்று கூடினாலும் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திருப்புவது). மை எஸ்.கியூ.எல். டேட்டாபேஸில் ஆட்டோ கமிட் இயல்பாகவே ஆனில் இருக்கும், நீங்களாக டிரான்சாக்ஷன் தொடங்காவிட்டால் ரோல்பேக் எதையும் திருப்பித் தராது. டேபிளை மாற்றும் ஆல்டர், அழிக்கும் டிராப் கொடுத்தாலும் அங்கே தானாகவே கமிட் ஆகிவிடும். டிரான்சாக்ஷனைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கவும் போகாதீர்கள், அந்த வரிகள் பூட்டிக்கொண்டு மற்றவர்களின் க்வெரி நிற்கும். புரொடக்ஷனுக்குப் படிக்க மட்டும் அனுமதியுள்ள யூசரைக் கேட்டு வாங்கி அன்றாடம் அதையே பயன்படுத்துங்கள். வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ் என்றால், திரும்ப எடுக்கும் வழியை எழுதி வைக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தினமும் எழுந்து போகும் முன் ஐந்து நிமிடம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுங்கள்: முடித்தது, மாட்டியது, நாளை தொடங்க வேண்டிய முதல் வேலை. மறுநாள் ஸ்டாண்டப்பில் (தினசரிக் குழுச் சந்திப்பு) இதையே படித்தால் போதும். மூன்று நாளாக ‘அதே டிக்கெட்டில் வேலை செய்கிறேன்’ என்று சொல்வதைவிட, ‘காரணம் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) என்று தெரிந்துவிட்டது, சரிசெய்ய இன்னும் ஒரு நாள்’ என்பது எவ்வளவோ மேல். வெள்ளிக்கிழமைகளில் அந்த வாரத்திலிருந்து ஒன்றிரண்டு வரிகளை எண்ணோடு தனியாக எடுத்து வையுங்கள்: ரிப்போர்ட் எத்தனை விநாடியிலிருந்து எத்தனைக்கு வந்தது, ஒரே மாதிரி டிக்கெட் வாரத்துக்கு எத்தனை குறைந்தது. அடுத்த அப்ரைசலுக்கு ஒரு மாதம் முன்பே மேனேஜரிடம் இதைக் கொடுங்கள், அவருக்கு எழுதும் வேலை மிச்சம். ஒரு எச்சரிக்கை: கம்பெனியின் கோட், கிளையன்ட் விவரம் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள், வேலைக்கே உலை வைத்துவிடும்.

நாள் கணக்குக் கொடுக்கும்போது, ஒரு நாளைத் தாண்டாத துண்டுகளாக வேலையை உடைத்துக் கூட்டிச் சொல்லுங்கள். தாமதமாகும் என்று பாதி வழியிலேயே தெரிந்துவிடும், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கடைசி நாள் சாயங்காலம் சொல்வதுதான் மேனேஜர்களுக்கு ஆகாது.

ஏ.ஐ. கருவியில் கோட் எழுதுவதானால், ரிவ்யூவில் எந்த வரியைக் கேட்டாலும் விளக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். இல்லாத மெத்தடை இருப்பதுபோல் எழுதித் தருவதும் உண்டு. கம்பெனி அனுமதித்த கருவியா என்பதும் முக்கியம்.

இப்போது மாறும் விஷயம். டெஸ்டிங் சுலபம் என்று நினைத்துப் போகாதீர்கள். நல்ல பக் ரிப்போர்ட் எழுத மேலே சொன்ன அதே பழக்கம்தான் வேண்டும், இன்னும் துல்லியமாக. கம்பெனி மாற்றம் என்றால், நேர்காணலில் ‘டீம் செய்தது இருக்கட்டும், நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று குடைவார்கள். இன்றைக்குக் கேட்டால் உங்களிடம் பதில் மங்கலாகத்தான் இருக்கும். ஆறு மாதம் அந்த ஃபைலை எழுதுங்கள். நோட்டீஸ் காலம் 60 நாளா 90 நாளா என்று ஆஃபர் லெட்டரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் சீனியரின் பேச்சும் ராத்திரி ஒன்பதும் மாறவில்லையென்றால், தாராளமாக வேறு இடம் பாருங்கள்.